சபராளியின் மரண நாள்

காயல்பட்டினமாகட்டும், கீழக்கரையாகட்டும், அதிராம்பட்டினமாகட்டும், பரங்கிப்பேட்டையாகட்டும், நம்மவர் வாழும் எந்தக் கரையூரிலும் ஒரு தெருவுக்குள் நுழைந்து, “உங்கள் குடும்பத்தில் சபரில் மௌத்தானவர் உண்டா?” என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொல்லும் வீடு அரிது. பினாங்கு, சிங்கை, இரங்கூன், கொழும்பு, சைகோன் என்று ஊர்ப்பெயர் தங்குதடையின்றி வரும். “எந்த ஆண்டு? எந்த மாதம்? எந்த மையவாடியில் அடக்கம்?” என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். வீடு மௌனமாகிவிடும். “சண்டைக் காலத்துலே”, “ரஜூலா கப்பல் ஓடின நாளையிலே” என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும். அவ்வளவுதான்.

இந்த மௌனத்தை நாம் ஒரு குறையாகவே எண்ணுவதில்லை என்பதுதான் என் வழக்கு.

அண்மையில் ஒரு நிக்காஹ் வீட்டில் இதுபற்றிப் பேச்சு வந்தது. சபையிலிருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, செத்துப்போனவரின் தேதியைத் தேடி அலைவது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு. ரூஹுக்கு ஒரு ஃபாத்திஹா ஓதுங்கள், அது போதும்” என்றார். சுற்றியிருந்தோர் தலையசைத்தனர். அவர் நல்லவர், தொழுகையாளி. அவரைச் சபையில் வைத்து மறுத்துப் பேச என் நா எழவில்லை. ஆயினும் அக்கூற்று தவறானது. உலக வழக்கின்படி மட்டுமன்று, மார்க்கத்தின்படியும் தவறானது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு தாளின் கதை

என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் இவ்வழக்கை நடத்த இயலாது. என் பாட்டனாருக்கு ஓர் அண்ணன் இருந்தார். பினாங்கில் கடை வைத்திருந்தார். அவ்விருவரின் தந்தையாராகிய எங்கள் பூட்டனார் ஹிஜ்ரி 1363இல், அதாவது 1944இல், ஊரில் வஃபாத்தானார். அவருடைய மீஸான் கல்லில் ஆண்டு இன்றும் தெளிவாக இருக்கிறது. அவருக்கு ஆண்மக்கள் இருவர் மட்டுமே. பெண்மக்கள் இல்லை. மனைவியார் முன்னரே மறைந்துவிட்டார்.

1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் பினாங்கின் ஜார்ஜ் டவுன் மீது குண்டு பொழிந்தன. அதன்பின் அண்ணனிடமிருந்து கடிதம் இல்லை. குண்டு விழுந்த நாளிலேயே அவர் மௌத்தாகியிருப்பார் என்று குடும்பத்தார் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்தனர். மூன்றாண்டுக்குப் பின் பூட்டனார் மறைந்தபோது அந்த முடிவே சொத்தையும் பிரித்தது. தந்தைக்கு முன்னே ஒரு மகன் இறந்து, வேறொரு மகன் உயிரோடிருந்தால், முன்னே இறந்தவரின் பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் பங்கில்லை. இது மீராஸ் சட்டம். வீடும் இரண்டு தென்னந்தோப்புகளும் என் பாட்டனார் கைக்கு வந்தன. அண்ணனின் மனைவிக்கும், அவருடைய மகனுக்கும் மகளுக்கும் பின்கட்டில் ஓர் அறை ‘இரக்கத்தின் பேரில்’ ஒதுக்கப்பட்டது.

போர் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் ஊர்க்காரர் ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்து அந்த அம்மையாரிடம் கொடுத்தார். பினாங்கு மரணப் பதிவேட்டின் நகல் அது. பெயர் சரியாக இருந்தது. தந்தை பெயரும் சரியாக இருந்தது. ஆண்டு என்ற இடத்தில் 2605 என்று இருந்தது. பெரியவர்கள் கூடிப் பார்த்தனர். ஹிஜ்ரியும் இல்லை, இங்கிலீஷ் ஆண்டும் இல்லை, யாரோ எழுதிக் கொடுத்த போலித் தாள் இது என்று சிரித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டனர். அத்தாள் அந்த அம்மையாரின் பெட்டியடியில் கிடந்தது.

அது போலித் தாளன்று. மலாயாவை ஆண்ட மூன்றரை ஆண்டுகளில் ஜப்பானியர், தம் முதல் பேரரசர் அரியணை ஏறியதாகக் கொள்ளும் ஆண்டிலிருந்து எண்ணும் கணக்கை அலுவலகங்களில் புகுத்தினர். அந்த எண்ணிலிருந்து 660ஐக் கழித்தால் நாம் வழங்கும் ஆண்டு கிடைக்கும். 2605 என்றால் 1945. தந்தை இறந்தது 1944இல், மகன் இறந்தது 1945இல். எனவே தந்தை கண்மூடிய நொடியில் மகன் உயிருடன் இருந்தார். அந்த நொடியிலேயே சொத்தில் சரிபாதி அவருடையதாகிவிட்டது. மறுஆண்டு அவர் மறைந்தபோது அப்பாதியில் எட்டில் ஒரு பங்கு மனைவிக்கும், எஞ்சியதில் மகனுக்கு இரண்டும் மகளுக்கு ஒன்றுமாகிய விகிதத்தில் பங்கும் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு கழித்தல் கணக்குத் தெரியாத காரணத்தால் ஒரு விதவையும் இரண்டு எத்தீம்களும் தம் சொந்தச் சொத்தில் இரவலாகக் குடியிருந்தனர்.

அத்தோப்புகளின் தேங்காயைத் தின்று வளர்ந்தவர்களுள் நானும் ஒருவன். அந்தத் தாள் என் கைக்கு வந்து சேர்ந்தபோது அந்த அம்மையாரும் அவருடைய மக்கள் இருவரும் மறைந்துவிட்டிருந்தனர். பங்கின் மதிப்பைக் கணக்கிட்டு அவர்தம் பேரப்பிள்ளைகளிடம் சேர்த்தோம். அவர்களுள் மூத்தவர் பெற்றுக்கொண்டு, “எங்க உம்மம்மாவை அந்த ஒத்தை அறையிலிருந்து இனி எப்படிக் காக்கா கூட்டிக்கிட்டு வருவீங்க?” என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. ஃபாத்திஹா போதும் என்பவரிடம் இருக்குமாயின் அவர் சொல்லட்டும்.

நாளும் ஒரு ஹக்கே

இது ஒரு வீட்டின் விபத்து என்று தள்ளிவிடலாகாது. நம் ஷரீஅத்தில் மரண நாளைச் சாராத குடும்ப உரிமை அரிது. யார் முன்னர், யார் பின்னர் என்ற வரிசை மாறினால் பங்கு மாறும். கணவனை இழந்தவளின் இத்தா நான்கு மாதம் பத்து நாள். அது செய்தி வந்த நாளிலிருந்தன்று, இறந்த நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும் என்பதே பெரும்பாலான இமாம்களின் முடிவு. தந்தி வந்த நாளை மரண நாளாகக் கொண்டு இத்தா இருந்த பெண்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! ஷாஃபிஈ மத்ஹபினர் வாழும் ஊர்களில் காயிப் ஜனாஸா தொழுத நாளே மரண நாளாக வழங்கிவருவதையும் காண்கிறோம்.

காணாமற்போனவரைப் பற்றி, அதாவது மஃப்கூதைப் பற்றி, ஃபிக்ஹு நூல்கள் தனி அத்தியாயமே வகுத்துள்ளன. அவருடைய ஒத்த வயதினர் எல்லாரும் மறையும் வரை அவர் சொத்தைத் தொடாதே என்றது ஹனஃபி மரபு. பெண்கள் ஆயுள் முழுதும் காத்துக்கிடந்த கொடுமையைக் கண்டுதான், நான்காண்டு தகவல் இல்லையெனில் மனைவி மணவிலக்குக் கோரலாம் என்று 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் வழி செய்தது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஏழாண்டு தகவலற்றவரை இறந்தவராக அனுமானித்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் புதிய சாட்சியச் சட்டமும் அவ்விதியைத் தொடர்கிறது. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். அவர் இறந்தார் என்றுதான் சட்டம் அனுமானிக்கும். எந்த நாளில் இறந்தார் என்று அனுமானிக்காது. பிரிவி கவுன்சில் காலத்திலிருந்தே நீதிமன்றங்கள் கொண்ட நிலை இது. நாளைச் சொல்பவர்தாம் அதை மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்க ஏழை விதவையிடம் என்ன இருக்கிறது? ஒரு தாள் இருந்தால் உண்டு.

இரண்டு ஆட்சேபங்கள்

குடும்ப வரலாறு தேடுவது குலப்பெருமை என்பது முதல் ஆட்சேபம். பெருமைக்காகத் தேடுவோர் இல்லையென்று சொல்லமாட்டேன். தம் வமிசத்தை அரபுநாட்டுப் பெருமக்களோடு முடிச்சுப்போடத் துடிக்கும் பலர், சொந்தப் பெரியவாப்பா இறந்த ஆண்டை அறியார். நான் கேட்பது அந்த முடிச்சையன்று. மூன்று தலைமுறைக்குள் இறந்தவர்களின் நாளையும் இடத்தையும் கேட்கிறேன். இதில் பெருமைக்கு இடமேது? பலருக்கு இதில் காத்திருப்பது கூச்சந்தான். அக்கரையில் இன்னொரு மனைவியும் மக்களும் இருந்தது பதிவேட்டிலிருந்து வெளிப்படலாம். அவர்களுக்கும் ஹக்கு உண்டு. இதற்கு அஞ்சியே சில வீடுகள் தேடாமலிருக்கின்றன என்பதை நாம் அறிவோம்.

மண்ணறையைத் தேடுவது கபுறு வணக்கத்துக்கு வாசல் திறக்கும் என்பது இரண்டாம் ஆட்சேபம். கபுறின்மேல் கட்டடம் எழுப்புவதும் சாந்து பூசுவதும் தடுக்கப்பட்டிருப்பதை நானும் அறிவேன். ஆனால் உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்கள் அடக்கப்பட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் கையாலேயே ஒரு கல்லைத் தூக்கிவந்து தலைமாட்டில் வைத்ததையும், தம் சகோதரரின் கபுறை அடையாளம் காணவே அவ்வாறு செய்ததாகக் கூறியதையும் அபூதாவூத் தொகுப்பில் காண்கிறோம். அடையாளம் வேறு, வணக்கம் வேறு. பதிவேட்டின் ஒரு வரிக்குக் குப்பா எழுப்பப்போவது யார்?

நம் முன்னோர் மரண ஆண்டை அற்பமாக எண்ணியதில்லை. ஹதீஸ் கலைக்கு அரணாக நின்ற அஸ்மாவுர் ரிஜால் துறையில் அறிவிப்பாளர் ஒவ்வொருவரும் எப்போது பிறந்தார், எப்போது இறந்தார் என்பதே உரைகல். ஒருவர், தாம் பிறக்குமுன் இறந்துவிட்ட ஆசிரியரிடம் கேட்டதாகச் சொன்னால், அந்த ஆண்டே அவருடைய பொய்யைக் காட்டிக்கொடுத்தது. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டினரான இப்னு கல்லிகான் தம் பெரும் வாழ்க்கை வரலாற்றுத் தொகுதிக்கே ‘சான்றோர் மரணங்கள்’ என்று பொருள்படும் பெயர் சூட்டினார். மரண ஆண்டு தெரிந்தவர்களையே அதில் சேர்ப்பதை நெறியாகக் கொண்டார். இத்தகைய மரபில் வந்த நாம், தேதி தேடுவதை வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்கிறோம்!

வெள்ளையர் செய்ததையும் பாருங்கள். இந்தியாவில் மறைந்த தம்மவரின் அடக்கப் பதிவுகளைக் கும்பினிக் காலத்திலிருந்து படியெடுத்து இலண்டனுக்கு அனுப்பிக் காத்தனர். தெற்காசியாவிலுள்ள ஐரோப்பியர் கல்லறைகளைப் பட்டியலிட 1976இல் பிரிட்டனில் ஒரு சங்கமே தோன்றியது. இருநூறாண்டுக்கு முன் சென்னையில் காய்ச்சலில் இறந்த சிப்பாயின் நாளை அவன் வழியினர் இன்று அறிய முடிகிறது. எண்பதாண்டுக்கு முன் பினாங்கில் மறைந்த கடைக்காரரின் நாளை நாம் அறியோம்.

மண்ணும் காத்திராது

கபுறு அங்கேதானே இருக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோர்க்கு இரண்டு செய்திகள்.

முகலாயரின் கடைசிப் பேரரசர் பகதூர் ஷா ஜஃபர் 1862 நவம்பர் 7 அன்று இரங்கூனில் சிறையிருப்பில் மறைந்தார். அன்றே அடக்கினர். இடம் தெரியாதவாறு புல் மூடிவிட ஏற்பாடும் செய்தனர். அவர் பெயரால் தர்கா எழுந்தது, ஆனால் கபுறு இருந்த சரியான இடம் மறைந்தே போயிற்று. 1991இல் வடிகால் தோண்டிய தொழிலாளர் செங்கல் கட்டிய மண்ணறை ஒன்றைக் கண்ட பிறகே அது வெளிப்பட்டது. பேரரசருக்கே 129 ஆண்டு! அதே இரங்கூனில் துணிக்கடையும் சாப்பாட்டுக் கடையும் நடத்திய நம்மவர்க்கு எந்த வடிகால் தோண்டப்படும்? 1941 டிசம்பர் 23 அன்று அந்நகரில் குண்டு விழுந்தபின் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்துவந்த இலட்சக்கணக்கான இந்தியருள், பாதையிலேயே விழுந்தவர்களுக்குப் பதிவேடும் இல்லை. உடன் நடந்தவர் வீட்டில் வந்து சொன்ன சொல்லே அவர்களுக்குரிய ஒரே ஆவணம். அச்சொல்லை எழுதிவைத்த வீடு எத்தனை?

சிங்கையின் பிடாடாரியில் முஸ்லிம் அடக்கத்தலம் 1910இல் திறக்கப்பட்டு 1972இல் மூடப்பட்டது. 2001 முதல் 2006 வரை அங்கிருந்த ஏறத்தாழ 68,000 முஸ்லிம் கபுறுகள் தோண்டப்பட்டு, எச்சங்கள் சுவா சூ காங்கில் மறுஅடக்கம் செய்யப்பட்டன. அந்நாட்டில் இடம் அரிது. 1998 முதல் அங்கே ஒரு கபுறுக்குப் பதினைந்தாண்டே தவணை. அவர்கள் அறிவித்துத்தான் செய்தார்கள். அந்த அறிவிப்பைப் படித்து, ‘இது என் பாட்டனார்’ என்று எழுந்து நிற்க நம் ஊர்களில் எத்தனை பேருக்கு விவரம் தெரிந்திருந்தது? மீஸான் கல்லைத் தேடிச் செல்வோர்க்கு இனி அங்கே காண்பதற்கு ஒன்றுமில்லை. பதிவேடு ஒன்றே எஞ்சியிருக்கிறது.

தேடினால் கிடைக்கும்

பதிவேடு பெரும்பாலும் இருக்கிறது. சிங்கையில் 1872 முதலான மரணப் பதிவுகள் உள்ளன. உரிய அலுவலகத்தில் கட்டணம் செலுத்தித் தேடக் கேட்கலாம். பினாங்கின் பதிவுகளை மலேசியத் தேசியப் பதிவுத் துறையிடம் கேட்க வேண்டும். சொத்து வைத்துச் சென்றவராயின் நீதிமன்றத்து உயில், வாரிசு வழக்குக் கட்டுகளில் மரண நாள் கட்டாயம் இருக்கும். கப்பலில் இறந்து கடலில் இறக்கப்பட்டவர்களையும் கைவிட வேண்டா. பிரிட்டிஷ் கப்பல்களில் நிகழ்ந்த மரணங்களின் 1891 முதலான பதிவேடுகள் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பிரெஞ்சு ஆட்சியில் சைகோனில் குடிப்பதிவேட்டில் ஏறிய காரைக்கால் குடும்பத்தார், பிரான்சிலுள்ள கடல்கடந்த நாட்டு ஆவணக் காப்பகத்தை நாடலாம்.

தேடுவோர் தோற்பது பெரும்பாலும் பெயரில்தான். ‘மரைக்காயர்’ அங்கே மரிக்கார், மரிக்கான், மெரிக்கன் என்றெல்லாம் எழுதப்பட்டார். ‘காதிர்’ என்பதை ஆங்கிலத்தின் கே, சி, கியூ என்ற மூன்று எழுத்துகளின் கீழும் தேட வேண்டும். ஊரில் தலைப்பெழுத்தாக நின்ற தந்தை பெயர் அக்கரையில் ‘பின்’ என்ற சொல்லுக்குப் பின்னே முழுப்பெயராக நிற்கும். சிலவேளை அடியோடு விடுபடும். வீட்டுப் பெயர் இராது. இனம் என்ற இடத்தில் சூலியா, கிளிங், தமிழர், இந்தியர் என எதுவும் இருக்கலாம். அங்கே மணமுடித்தோரின் மக்கள் ஜாவி பெரானக்கான் என்றும், பின்னர் மலாயர் என்றும் மாறியிருப்பர்.

அடுத்துத் தோற்பது தேதியில். வீட்டில் ஆண்டுதோறும் கத்தம் ஓதும் பிறை நினைவிருக்கும், ஆண்டு நினைவிராது. அதுவே பெரிய சாவி. ‘ரஜப் பிறை 12, வெள்ளி இரவு’ என்று உம்மா சொன்னால், பிறையும் கிழமையும் பொருந்தும் ஆண்டுகள் சிலவே. நமக்கு மஃரிபோடு நாள் பிறக்கிறது. ஆதலால் நம் வெள்ளி இரவு பதிவேட்டில் வியாழனாக இருக்கலாம். பினாங்கில் கண்ட பிறைக்கும் ஊரில் கண்ட பிறைக்கும் ஒரு நாள் வேறுபடலாம். இவ்விரண்டுக்கும் இடம் விட்டுத் தேடினால், பொருந்தாதென்று எறிந்த பதிவு பொருந்தக் காண்பீர்கள்.

ஜமாஅத்துகளிடம் ஒரு கேள்வி

குடும்பங்களை விடவும் நம் ஜமாஅத் நிர்வாகிகளிடமே என் வழக்குப் பெரிது. நிக்காஹ் தஃப்தரைப் பீரோவில் பூட்டிக் காக்கிறீர்கள். கந்தூரி வசூலுக்குக் காசு சுத்தமாகக் கணக்கு எழுதுகிறீர்கள். மரணத்தைப் பெரும்பாலான பள்ளிகளில் குழிவெட்டுச் செலவின் கணக்காகத்தான் எழுதுகிறார்கள். அக்கரையில் அடங்கியவருக்கு இங்கே குழியில்லை, செலவில்லை, ஆகவே வரியும் இல்லை. அரசின் பதிவேடும் அவரை ஏற்காது. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி மரணம் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவு. ஊரில் அவருக்குரிய ஒரு வரியை எழுதக்கூடிய இடம் பள்ளிவாசல் ஒன்றே. அங்கும் எழுதாவிட்டால் அவருக்கு ஊரே இல்லை.

செய்ய வேண்டியது பெரிதன்று. ஒவ்வொரு மஹல்லாவிலும் சபரில் மௌத்தானவர்களுக்கென ஒரு தஃப்தர் திறவுங்கள். பெயர், அக்கரையில் வழங்கிய பெயர், தந்தை பெயர், வீட்டுப் பெயர், இறந்த ஊர், அடக்கிய மையவாடி, ஹிஜ்ரி நாள், ஆங்கில நாள் ஆகியவற்றோடு, இச்செய்தியை யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதையும் எழுதுங்கள். ஐயம் இருந்தால் ஐயம் என்றே எழுதுங்கள். பெட்டிகளில் கிடக்கும் கடிதம், தந்தி, நகல் யாவற்றையும் படமெடுத்து வையுங்கள். எண்பது கடந்த உம்மாமார்களிடம் இம்மாதமே சென்று அமருங்கள். அவர்கள் நினைவு நமக்கு இரண்டாம் முறை கிடைக்காது.

பழங்கதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இன்றைய சபராளி ரியாதிலும் தம்மாமிலும் ஜித்தாவிலும் இருக்கிறார். அங்கே மௌத்தானால் பலரை அங்கேயே அடக்குகிறோம். சவூதியில் கபுறில் பெயர் பொறிக்கும் வழக்கமில்லை. இறப்புச் சான்றிதழ் இழப்பீட்டுக்காக ஒருமுறை வெளியே வந்து, பின்னர் எந்த அலமாரியில் மறைகிறதென்று யாருக்கும் தெரியாது. இன்று மூன்று வயதில் வாப்பாவை இழந்த குழந்தை நாளை முப்பது வயதில், “என் வாப்பா என்று மௌத்தானார்? எங்கே கிடக்கிறார்?” என்று கேட்கும். அதற்கும் ‘ஃபாத்திஹா ஓது’ என்றே சொல்லப்போகிறோமா?

ஃபாத்திஹாவை நிறுத்தச் சொல்பவனல்லன் நான். எங்கள் பெரிய பாட்டனாருக்காக நானும் ஓதுகிறேன். ஆனால் கடனைத் தீர்த்த பிறகே பாகம் பிரிக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இறந்தவருக்கு நாம் பட்ட கடன்களுள் அவருடைய நாளும் ஒன்று. அதைத் தேடி எழுதிவைத்துவிட்டுக் கையேந்துவோம். வல்ல நாயன் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.